அவர் மிச்சம் வைத்த சோறு

கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம், என் கணவர் சாப்பிட்டுவிட்டு எழுந்த இலையின் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள்.

இதைச் சொன்னால் கம்பெனியில் என்னோடு வேலை செய்கிற பெண்கள், "எந்தக் காலத்துக் கதைக்கா இது?" என்று கேட்கிறார்கள். பழைய காலத்துக் கதை இல்லை. ஒன்பது வருஷம்தான் ஆகிறது. ஒரகடம் பக்கம், வல்லம் வடகாலை ஒட்டிய ஊர். வாசலில் இரண்டு பைக், மாடியறையில் ஏசி, கூடத்தில் சுவர் அகலத்துக்கு டிவி. அந்த டிவிக்கு நேர் கீழேதான் இலை போட்டிருந்தது.

நான் படப்பைக்காரி. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார், அம்மா ஜாக்கெட் தைத்தாள். எங்கள் வீட்டில் யாருக்கு முதலில் பசிக்கிறதோ அவர்கள் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவோம். அப்பாவும் கழுவுவார். அதில் சொல்லிக்கொள்ள ஏதாவது இருப்பதாக எனக்கு அப்போது தெரியாது. டிப்ளமோ முடித்து, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தேன். கைக்கு உறை, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க். பொருளில் ஒரு பிசுக்கு இருந்தாலும் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். பக்கத்துக் கம்பெனியில் சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவரைத் தூரத்து உறவினர் ஒருவர் மூலம் பேசி முடித்தார்கள். அவர் நல்லவர். இன்றைக்கும் அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மண்டபத்தில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் கறிச்சோறு. கூடத்தில் ஒரே ஒரு இலையைப் போட்டு என் கணவரை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். என்னையும் அவருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். மாமனாரின் அக்கா, நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், பரிமாறிக்கொண்டே, "மொத்தத்தையும் துன்னுட்டு எழுந்துடாதடா. அவளுக்கு வை" என்றார். எனக்குப் புரியவில்லை. ஆசைக்கு ஒரு துண்டு கறி வைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் எழுந்தார். அத்தை, அதாவது என் மாமியார், என் தோளைப் பிடித்து அவர் உட்கார்ந்திருந்த மணையிலேயே உட்கார வைத்தார்.

இலையில் கடித்துப்போட்ட எலும்பு நான்கு. மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. கறிவேப்பிலை, கிராம்பு. நடுவில் குழம்பில் பிசைந்த சோறு, அவருடைய விரல் தடங்களோடு. எழுந்தவர் குனிந்து என் காதருகே, "வலதுபக்கம் நான் தொடவே இல்ல. அங்கிருந்து எடுத்துக்கோ" என்றார். பாவம், அவரால் முடிந்தது அவ்வளவுதான். ஆனால் நான் கையை நீட்டுவதற்குள் பெரியம்மா ஒரு கரண்டி ரசத்தை இலை நடுவில் ஊற்றிவிட்டார். வலது, இடது எல்லாம் ஒன்றாகிவிட்டது. எலும்புகள் ரசத்தில் மிதந்து என் பக்கமாக வந்தன.

"இன்னா பாத்துக்கினு கீற. துன்னு" என்றார் பெரியம்மா. "நாங்கள்லாம் துன்னவங்கதான்."

துணைக்கு வந்திருந்த என் அக்காவைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்த்தாள். டிவி அணைந்திருந்தது.

மூன்று வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாயில் ஏதோ நாராகப் பல்லில் சிக்கியது. அது முருங்கைக்காய்ச் சக்கை என்று நாக்குக்குத் தெரிந்ததும் எழுந்து பின்பக்கக் குழாய்க்கு ஓடினேன். நான் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே பெண்கள் சிரிப்பது கேட்டது. "அதுக்குள்ளயா?" என்று யாரோ கேட்க, இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இலையைவிடக் குமட்டியது.

மாடிக்குப் போனதும் என் கணவர் மன்னிப்புக் கேட்டார். "ஒரு தடவதான். இனிமே யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். என்னை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு தடவையோடு முடிகிற விஷயம் இல்லை அது என்பதை அந்த வாரமே கண்ணால் பார்த்தேன்.

என் மாமியாருக்கென்று அந்த வீட்டில் தட்டு கிடையாது.

மாமா, என் மாமனார், மத்தியானம் ஊருக்குள் எங்காவது பேசிவிட்டு இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ வருவார். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு அவருக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. மெயின் ரோட்டு டீக்கடைதான். வந்ததும் அகலமான விளிம்பு வைத்த அவருடைய எவர்சில்வர் தட்டில் சாப்பாடு. நாக்கால் சோற்றை ஒதுக்கி, எலும்பை உறிஞ்சி, முள்ளை நுனி நாக்கில் கொண்டுவந்து தட்டின் ஓரத்தில் துப்புவார். கடைசியில் ஒரு கைப்பிடி சோற்றைப் பிசைந்து உருண்டையாக உருட்டித் தட்டின் நடுவில் வைப்பார். அது அவர் பெண்டாட்டிக்கு. பிறகு எழுந்து வாசலில் போய் வாய் கொப்பளிப்பார். அத்தை அந்தத் தட்டை அப்படியே சமையலறைக்குக் கொண்டுபோய், அந்த உருண்டையின் மேலேயே தன் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். மாமா துப்பிய முள்ளை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக்கொள்வார். இலையைக் கழித்துக் கீரை ஆய்கிற மாதிரி, பேச்சை நிறுத்தாமல், மிகச் சாதாரணமாக.

முதல் தடவை பார்த்தபோது என் தட்டில் இருந்ததை என்னால் முடிக்க முடியவில்லை.

"வேற தட்டுல போட்டுத் தரட்டுமா அத்தை?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கழுவ ஒன்னு சாஸ்தியாவும்."

"உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேள்வியே புரியாதது போலத்தான் முதலில் இருந்தது. பிறகு, "மொத வருசம் இருந்துது. மூச்சப் புடிச்சிக்கினு முழுங்குவேன்" என்றார். அதோடு பேச்சை மாற்றினார்.

பெரியம்மா ஒரு நாள் எனக்கு இதை விளக்கினார். புருஷன் விட்டதைச் சாப்பிட்டால் அவனுக்கு ஆயுசு கூடுமாம். அவர் மாமியார் காலத்தில் இன்னும் நிறைய இருந்ததாம். மாப்பிள்ளையின் காலைக் கழுவிய தண்ணீரைப் பெண் ஒரு வாய் குடிக்க வேண்டுமாம். வீட்டுக்குள் வந்த புதுப்பெண் ஆறு மாதம் மாமனார் முன்னால் வாய் திறந்து பேசக் கூடாதாம். ஏதாவது வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டுமாம். ஒரு பெண் தலைவலி தாங்காமல் கதவைத் தட்டித் தட்டி, யாரும் வராமல், அங்கேயே விழுந்து கிடந்தாளாம். பெரியம்மா இதையெல்லாம் சீரியல் கதை சொல்கிற மாதிரி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். கடைசியில், "இப்போ அதெல்லாம் இன்னா கீது, ஒன்னும் இல்ல" என்று ஒரு பெருமூச்சும் விட்டார். போய்விட்டதே என்கிற வருத்தம் அந்தப் பெருமூச்சில் இருந்தது. அன்றைக்கு அவர் கொடுத்த வெற்றிலையை வாங்க எனக்குக் கை வரவில்லை.

மாமாவைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எளிது. அப்படிச் சொல்ல முடியாது. அவர் கை நீட்டி நான் பார்த்ததில்லை. என் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அவரே ஒரு நாள் சொன்ன கதைதான் என்னைக் குழப்பியது.

பொங்கல் சமயம். மழை விட்டிருந்தது. பேச்சு பழைய பண்ணை வீட்டைப் பற்றி வந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு கிடங்கு இருக்கிறது. மாமாவின் அப்பா அந்த வீட்டு நிலத்தில்தான் உழுதாராம். அந்த வீட்டில் விசேஷம் என்றால் வேலை செய்கிறவர்களை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக உட்காரச் சொல்வார்களாம். உள்ளே விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த இலைகளை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு வந்து, அதிலிருக்கிற மிச்சத்தை இவர்கள் விரித்த துண்டில் கொட்டுவாராம். பாயசமும் ஊறுகாயும் துப்பிய சக்கையும் ஒன்றாக விழுமாம்.

"எங்கப்பா துண்ட விரிச்சிக்கினு ஒக்காந்துனு இருந்தாரு. நான் பக்கத்துல. எனக்கு எட்டு வயசு இருக்கும்" என்றார் மாமா. "ஒரு லட்டு விழுந்துது. பாதி கடிச்ச லட்டு. பல்லு தடம் தெரிஞ்சிது. எங்கப்பா அத எடுத்து என் கைல குடுத்தாரு. எனக்கு வேணாம்னு சொல்லத் தெரியல."

அவர் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கி முடிவு பண்ணேன். எச்சி சோறு துன்ற பொழப்பு நம்மளோட முடிஞ்சி போச்சுன்னு."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றடி தள்ளி, அவர் சாப்பிட்ட தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் உருட்டி வைத்த சோற்றை அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஆமா, பாவம்" என்று நடுவில் ஒரு வார்த்தையும் சொன்னார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அப்பாவுக்காகக் கலங்கிப் போயிருந்தார். அந்த அறையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது நான் ஒருத்திதான். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

மாமாவுக்குப் புகையிலைப் பழக்கம். நான்காவது வருஷம் அவருக்கு ஈறு வீங்கிப் புண்ணாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் பல் டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கிவந்தார், புகையிலையை விடவில்லை. வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்க முடியாத வாடை. அப்போதும் உருண்டை தவறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். மாமா சாப்பிட்டு எழுந்த தட்டை அத்தை எடுத்துவந்தார். தயிர்ச்சோறு. வெள்ளைச் சோற்றில் சிவப்பாக இழை இழையாக ஏதோ ஓடியிருந்தது. ஊறுகாய் என்று நினைத்தேன். ஊறுகாய் இல்லை, ரத்தம். எச்சிலோடு கலந்து, நூல் மாதிரி. அத்தை அதன்மேல் ஒரு கரண்டி சோற்றைப் போட்டு மூடினார்.

அவரும் பார்த்திருக்கிறார். பார்த்துத்தான் மூடினார். அதுதான் என்னை உலுக்கியது. தட்டைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போய் மண்ணில் கவிழ்த்தேன்.

"ரத்தம் அத்தை. அதுல ரத்தம் இருக்கு" என்றேன்.

அத்தை என்னை அறைந்துவிடுவார் போல நின்றார். "சோத்தக் கொட்டுறியா? என் புருசன் சோத்த மண்ணுல கொட்டுறியா? நீ யாரு?"

சத்தம் கேட்டு மாமா வந்தார். மண்ணில் கிடந்த சோற்றைப் பார்த்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அங்கேதான் சாப்பிட்டார். பெரியம்மா வந்து வாசலில் நின்றுகொண்டே தெருவுக்கே கேட்கும்படி பேசினார். படிச்ச திமிர், கம்பெனித் திமிர், படப்பைத் திமிர் என்று மூன்று திமிர் எனக்கு.

அந்த வசவை நான் பொறுத்துக்கொண்டேன். அத்தை என்னோடு பேசாமல் இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு மாதம் போல இருக்கும். நான் ஷிஃப்ட் முடிந்து வந்தால் டீ டம்ளர் மேடையில் இருக்கும், வார்த்தை இருக்காது. என் கணவர் இருவருக்கும் நடுவில் தவித்தார். "நீ செஞ்சது தப்பில்ல. செஞ்ச விதம்தான்" என்றார். வேறு எந்த விதத்தில் செய்திருக்கலாம் என்று கேட்டதும் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அத்தை மறுபடி வாய் திறந்தது என்னைக் குத்துவதற்காகத்தான். என் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. அவள் பாதி கடித்துத் துப்பிய இட்லியை எடுத்து யோசிக்காமல் என் வாயில் போட்டுக்கொண்டேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது எச்சி இல்லியா?" என்று கேட்டார்.

அன்று கம்பெனி பஸ்ஸில் போகும்போது முழுவதும் அதையே யோசித்தேன். அவர் கேட்டது சரிதான். குழந்தையின் எச்சில் எனக்கு அருவருக்கவில்லை. என் கணவர் குடித்த டீயை வாங்கிக் குடிக்கிறேன். அவரும் என்னுடையதைக் குடிக்கிறார். அப்படியானால் எதைப் பார்த்து எனக்குக் குமட்டுகிறது? ஒரகடம் ஜங்ஷன் நெரிசலில் பஸ் நின்றபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. முப்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் அத்தை மற்றவர் மிச்சத்தைச் சாப்பிடுகிறார். அவர் மிச்சத்தை ஒரு ஆள்கூட, ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. பெற்ற பிள்ளைகள்கூட. எனக்குக் குமட்டியது எச்சிலால் இல்லை. அது எப்போதும் ஒரே பக்கமாகவே போய்க்கொண்டிருந்ததால்.

இதை வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் இன்னொரு மாதம் பேசமாட்டார்.

போன வருஷம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் தென்காசிப் பக்கம். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டல் வாசம். இருவரும் விரும்பி, வீட்டில் பேசி நடந்த கல்யாணம். மறுநாள் கறிச்சோறு என்றதும் எனக்குப் பகீரென்றது. முந்தின நாளே அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, "வேணாம்னா சொல்லிரு. நான் கூட நிக்கிறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "அதுல என்னக்கா இருக்கு. ஒரு வாய்தான. நா பாத்துக்கிடுதேன்."

அத்தையிடம் போனேன். உங்களுக்குத் தெரியாததா, இந்தப் பெண்ணையாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அத்தை பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே, "எனக்கு நடந்துது. உனக்கு நடந்துது. இவ மட்டும் இன்னா ஒசத்தி?" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்த கடுமையை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இலை போட்டார்கள். இந்தத் தடவை வீடியோக்காரரும் இருந்தார். கொழுந்தன் சாப்பிட்டு எழுந்ததும், "கொஞ்சம் இருங்க, லைட் சரி பண்ணிக்கிறேன்" என்று அவர் எல்லாரையும் நிறுத்தி வைத்தார். எலும்புகள் நன்றாகத் தெரியும்படி இலையைத் திருப்பி வைக்கச் சொன்னார். புதுப்பெண் ஒரு வாய் எடுத்து, கேமராவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்து, சாப்பிட்டாள். "இன்னொரு தடவை மெதுவா" என்றார் வீடியோக்காரர். மறுபடி எடுத்துச் சாப்பிட்டாள். பெண்கள் கைதட்டினார்கள்.

இரண்டு நாளில் அது பாட்டோடு ரீல்ஸில் வந்தது. மறக்காத மண்ணின் பண்பாடு என்று கீழே எழுதியிருந்தது. கேன்டீனில் ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, "செம க்யூட்ல அக்கா, உங்க வூட்டு ஃபங்ஷன்" என்றாள். எனக்கு முன்னால் தட்டு நிறைய சாம்பார் சாதம் இருந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன். பூச்சி புழு கிடந்தால்கூட எடுத்து எறிந்துவிட்டுச் சாப்பிட்டிருப்பேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் துண்டு விரித்தவர்களுக்காவது அது அவமானம் என்று தெரிந்திருந்தது. இதற்குப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார்களே என்று இருந்தது.

இவ்வளவும் சொன்னது கடைசியாக நடந்ததைச் சொல்வதற்காகத்தான்.

இந்த வருஷம் மாசி மாதம் அத்தை அடுப்படியில் மயங்கி விழுந்தார். பார்த்தால் சர்க்கரை. எவ்வளவு நாளாக இருந்ததோ தெரியவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும், வயிற்றைக் காயப்போட்டால் மறுபடி விழுவீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். அத்தை வெளியே வந்ததும், "அவரு மூணு மணிக்கு வருவாரு. நான் எப்டி ஒரு மணிக்குத் துன்றது?" என்று என்னைக் கேட்டார். உண்மையாகவே வழி தெரியாமல் கேட்டார்.

ஒரு வாரம் லீவு போட்டேன். முதல் நாள் ஒரு மணிக்கு அவரை உட்கார வைத்தேன். எங்கள் தட்டு ஒன்றை எடுத்தால், "அது எனக்குப் பழக்கமில்ல" என்றார். அவர் கை தானாகப் போய் எடுத்தது மாமாவின் தட்டைத்தான். அத்தை இத்தனை வருஷமாகச் சாப்பிட்ட தட்டு அது ஒன்றுதான். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அந்தத் தட்டில் சோறு போட்டுக் கீரைக்குழம்பு ஊற்றினேன். சுத்தமான தட்டில் அவர் முதலில் சாப்பிடுவதை அன்றுதான் பார்த்தேன். ஏதோ திருடுகிறவர் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

பாதி சாப்பிட்டிருப்பார். மாமா வந்துவிட்டார். அன்றைக்கென்று டீக்கடை மூடியிருந்ததாம். நல்ல பசி அவருக்கு. "சோறு போடு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவர், அத்தை கையில் இருந்த தட்டைப் பார்த்தார்.

அத்தை பதறி எழுந்தார். "டாக்டரு சொன்னாரு, அதான்..." என்று இழுத்தார்.

எனக்கு என்ன தோன்றியதோ, திட்டம் போட்டுக் கேட்கவில்லை. "அத்தை பாதிதான் மாமா சாப்பிட்டிருக்காங்க. அதுலயே போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டேன்.

மாமாவின் முகம் மாறியது. அந்த முகத்தை நான் சரியாக எழுத வேண்டும். கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு. உதடு சுருங்கி, மூக்கு ஏறி, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. செத்த எலியைத் தட்டில் வைத்து நீட்டினால் வருகிற முகம். என் கல்யாணத்துக்கு மறுநாள் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் உடனே எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பினார். வாயில் ஒன்றும் போடாமலே துப்பினார்.

திரும்பி வந்து, "பொம்பள துன்ன எச்சியில எனக்குப் போடுவியா? எச்சி பொறுக்குற பரம்பரைன்னு நெனச்சிக்கினியா?" என்றார். "அந்தத் தட்ட இனிமே என் கண்ணுல காட்டாதீங்க."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் துப்பிவிட்டு வந்த வாயை, துண்டால் துடைத்ததை, துடைத்த துண்டை உதறியதை, எல்லாவற்றையும் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மெதுவாக மறுபடி தரையில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல், அவசரப்படாமல். மாமா நின்றுகொண்டே இருந்தார். அவருக்குச் சோறு போட அன்றைக்கு அத்தை எழுந்திருக்கவில்லை. நான்தான் போட்டேன், வேறு தட்டில்.

அன்று சாயங்காலமே மாமா பைக்கில் படப்பை போய்ப் புதுத் தட்டு ஒன்று வாங்கிவந்தார். விளிம்பில் தன் பெயரைக்கூட வெட்டிக்கொண்டு வந்திருந்தார். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பழக்கத்தில் உருண்டை உருட்டி வைத்தார். அத்தை ஒரு மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மாமா இரண்டு தடவை கூப்பிட்டார். "நான் துன்னுட்டேன்" என்று பதில் வந்தது. உருண்டை சாயங்காலம் வரை தட்டிலேயே காய்ந்து கிடந்தது. நாய்க்கு எடுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் அவர் உருட்டவில்லை.

பெரியம்மா வந்து அத்தையிடம் ஏதேதோ பேசிப் பார்த்தார். ஆயுசு, குடும்பம், ஊர் வாய். அத்தை எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. "சக்கர கீது எனக்கு, டாக்டரு திட்றாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என்னிடமும் அந்த மத்தியானத்தைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் செய்தது அவருக்கு உதவியா அவமானமா என்று எனக்கு இன்னும் தெரியாது. நாற்பது வருஷம் கழித்து அந்த முகத்தை அவர் பார்க்க நேர்ந்ததற்கு நான்தான் காரணம்.

மாமா இப்போது சாப்பிட்டு முடித்ததும் தட்டிலேயே கையைக் கழுவி, வாயையும் அதிலேயே கொப்பளித்துத் துப்புகிறார். அதில் சாப்பிட வேறு ஆள் இல்லை அல்லவா. அந்தப் பழுப்புத் தண்ணீரைத் தளும்பாமல் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றுவது லீவு நாட்களில் நான். போன ஞாயிற்றுக்கிழமை, "இதை நீங்களே கொண்டுபோய் ஊத்துங்க மாமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ரொம்ப நேரம் அது அங்கேயே இருந்தது. ஈ மொய்த்தது. பிறகு அவர் எழுந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு, இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்.